கயாக் வாங்கும் முன்: கவிழ்ந்த பிறகு என்ன செய்வீர்கள்?

கேள்வி: "சென்னையில் இருக்கிறேன். முட்டுக்காடு பக்கம் இரண்டு முறை வாடகைக் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) ஓட்டியிருக்கிறேன். நீச்சல் குளத்தில் 25 மீட்டர் தாண்டுவேன். சொந்தமாக ஒன்று வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆசை. எந்தக் கயாக், எந்த லைஃப் ஜாக்கெட், வேறு என்னென்ன வேண்டும்? கடலில் இறங்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்குக் கடல் வேண்டாம். காரணம் கீழே காற்றைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

மற்றக் கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கயாக்கில் உட்கார்ந்திருக்கும்வரை எல்லாப் பொருளும் நல்ல பொருள்தான். நீங்கள் கழுத்தளவு தண்ணீரில் மிதக்கிறீர்கள், கயாக் மூன்று மீட்டர் தள்ளிப் போய்விட்டது, துடுப்பு இன்னொரு பக்கம் போகிறது, கண்ணில் உப்புத் தண்ணீர். அந்த நிமிடத்தில் எது உங்கள் உடம்போடு இருக்கிறது, எது ஈரக் கையால் வேலை செய்கிறது என்று பாருங்கள். பாதுகாப்புப் பொருள் ஒவ்வொன்றையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கயாக்கின் பின்பெட்டியில் பத்திரமாகக் கட்டி வைத்த லைஃப் ஜாக்கெட்டும், பைக்குள் போட்ட விசிலும் இந்தச் சோதனையில் தேறாது.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதும் இதிலிருந்தே வருகிறது. முதலில் உங்கள் உடம்புக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட், விசில், நல்ல செருப்பு. அடுத்து ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு மூன்று வகுப்பு. கயாக் கடைசி. இன்னும் ஆறு மாதம் வாடகைக் கயாக்கில் உங்கள் சொந்த ஜாக்கெட்டோடு ஓட்டுங்கள். என்ன நீளம், என்ன அகலம் உங்களுக்குத் தோதுப்படுகிறது என்பது அதற்குள் உடம்புக்கே தெரிந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, மயங்கிக் கிடப்பவரையும் முகம் வானத்தைப் பார்க்கும்படி திருப்பிப் போடக்கூடியது. கழுத்துக்குப் பின்னால் பெரிய பட்டை இருக்கும். ஐ.எஸ்.ஓ. 12402-4 என்ற தரத்தின்படி 100 நியூட்டன் மிதப்பு விசை கொண்டது இந்த வகை. இன்னொன்று மிதவை அங்கி. ஐ.எஸ்.ஓ. 12402-5, 50 நியூட்டன். இது நீந்தத் தெரிந்தவர்களுக்கும், உதவி பக்கத்திலேயே இருக்கும் இடங்களுக்கும் ஆனது. நினைவிழந்தவரை இது புரட்டிப் போடாது. ஆனால் கை வீசித் துடுப்புப் போடவும், கவிழ்ந்த கயாக்கில் வயிற்றை இழுத்துப்போட்டு ஏறவும் இதுதான் வசதி. உலகம் முழுக்கக் கயாக் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் அணிவது இரண்டாவது வகைதான். 25 மீட்டர் நீந்தும் உங்களுக்கு, துணையோடு, கழிமுகத்தில் ஓட்டுவதென்றால் இது சரி. நீச்சலே தெரியாதவரோ சின்னக் குழந்தையோ வந்தால் கழுத்துப்பட்டையுள்ள 100 நியூட்டன்தான். குழந்தைக்குக் கவட்டுப் பட்டையும் கட்டாயம் வேண்டும்.

50 நியூட்டன் என்றால் கிட்டத்தட்ட 5 கிலோ எடையைத் தூக்கும் விசை. 70 கிலோ ஆளை 5 கிலோ எப்படித் தாங்கும் என்று தோன்றும். தண்ணீருக்குள் உடம்பு பெரும்பாலும் தானே மிதக்கிறது. தலையை வெளியே வைக்கப் பெரியவர்களில் பலருக்குக் கூடுதலாக 3 முதல் 5 கிலோ வரை போதும்.

கடையில் தொங்கும் ஆரஞ்சு ஜாக்கெட்டுகளில் தர முத்திரை இல்லாதவையே அதிகம். உள்ளே என்ன நுரை இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஜிம்மில் போடும் வார்ப்பிரும்புத் தட்டுகளை 6 கிலோவுக்குச் சேர்த்து, ஜாக்கெட்டின் அடிப்பட்டையில் கட்டி, ஆழமான தொட்டியில் போடுங்கள். தண்ணீருக்குள் அந்த 6 கிலோ இரும்பின் எடை 5 கிலோவுக்குச் சற்று மேலேதான் இருக்கும். மூழ்காமல் நின்றால் 50 நியூட்டன் இருக்கிறது என்று பொருள். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு மறுநாளும் மிதக்கிறதா என்று பாருங்கள்; நீர் குடிக்கும் மட்டமான நுரை இதில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் நிரப்பிய கேனைக் கட்டிச் சோதிப்பவர்கள் உண்டு. அது பயனற்ற சோதனை. கேனில் உள்ள தண்ணீருக்குத் தண்ணீருக்குள் எடையே கிடையாது. 20 லிட்டர் கேனைக் கட்டினாலும் மோசமான ஜாக்கெட்கூட மிதக்கும். உள்ளே சிமென்ட் அடைத்த பிளாஸ்டிக் தட்டுகளும் உதவாது. இரும்புதான் வேண்டும்.

மிதப்பு இருந்தால் மட்டும் போதாது. அது உடம்பில் நிற்க வேண்டும். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு அணிந்து, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குங்கள், பிறகு விலா, கடைசியில் தோள். இந்த வரிசை மாறினால் ஜாக்கெட் மேலே ஏறி நின்றுவிடும். இப்போது நண்பரை விட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி ஏறினால் அளவு தவறு. தண்ணீரிலும் இதுவே நடக்கும்: ஜாக்கெட் மிதக்கும், நீங்கள் அதற்குள் வழுக்கிக் கீழே போவீர்கள், வாயும் மூக்கும் நுரைக்குள் புதையும். படகுத்துறைகளில் "எல்லாருக்கும் ஒரே சைஸ்" என்று மாட்டிவிடும்போது, பட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தால், அது போட்டும் போடாத மாதிரிதான். வாடகை இடத்தில் இறுக்கித் தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கயாக்குக்கென்றே செய்த ஜாக்கெட்டில் கைக்குழி அகலமாக இருக்கும், முதுகு நுரை மேல்பாதியில் மட்டும் இருக்கும். இருக்கையின் முதுகுச் சாய்வில் முட்டாமல் இருக்கத்தான் அந்த அமைப்பு. சாதாரண ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சாய்விருக்கையில் உட்கார்ந்தால் அது கழுத்தை முன்னால் தள்ளும். பத்து நிமிடத்தில் எரிச்சலாகிக் கழற்றி முன்னால் வைப்பார்கள். தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் ரகம் கயாக்குக்குப் பொருந்தாது. துடுப்புத் தெறிப்பிலேயே ஊதிக்கொள்ளும், பிறகு புது வாயு உருளை மாற்றும்வரை அது தானாக ஊதாது. ஜாக்கெட்டைக் குஷனாகப் போட்டு உட்காராதீர்கள், நுரை நசுங்கி மிதப்பு குறையும். உப்புத் தண்ணீரில் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். துணி வெளுத்து, நகத்தால் கீறினால் இழை பிரிகிறது என்றால் அதன் ஆயுள் முடிந்தது.

இனி கயாக். தொடங்குபவருக்கு, அதிலும் நம் வெயிலுக்கு, மேலே உட்காரும் ரகம்தான் என் பரிந்துரை. கட்டுமரத்தின் அதே சிந்தனை இது. கட்டுமரத்தில் தண்ணீர் ஏறும், இடுக்கு வழியாக இறங்கும். நிரம்புவதற்கு அதில் குழியே இல்லை. மேலே உட்காரும் கயாக்கிலும் உடல் மூடிய பெட்டி. தளத்தில் உள்ள துளைகள் வழியாக அலைநீர் வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறலாம், தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை. உள்ளே உட்காரும் அகலமான பொழுதுபோக்குக் கயாக் கவிழ்ந்தால் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிரம்பும். உள்ளே தடுப்புச் சுவரோ காற்றுப் பையோ இல்லாவிட்டால் அதைக் கரை சேராமல் இறைக்கவே முடியாது. 100 லிட்டர் என்றால் 100 கிலோ, அது உருண்டு உருண்டு மறுபடி கவிழும். குளிர்நாட்டில் அந்த ரகத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே காற்றுப் படாது. இங்கே அது தேவையில்லை.

நீளம் 2.7 முதல் 3.3 மீட்டர், அகலம் 75 முதல் 85 சென்டிமீட்டர். இதைவிடக் குறுகலானது வேகமாகப் போகும், சட்டென்று சாயும். எடை 20 முதல் 27 கிலோ வரை இருக்கும். வீட்டு மாடிப்படி, கார் கூரை இரண்டையும் நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கம்பெனி எழுதும் தாங்குதிறன் மூழ்காமல் இருக்கும் எல்லை; நன்றாக ஓட்டும் எல்லை அல்ல. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் எடையும் சாமானும் அடங்க வேண்டும். 120 கிலோ என்று போட்டிருந்தால் 80 கிலோ. அதற்கு மேல் போனால் இருக்கைத் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே வந்து தேங்கும், விளிம்பு தாழும், சிறு அலைக்கே ஆடும்.

மேலே உட்காரும் கயாக் மூழ்காது என்று நம்பிவிடாதீர்கள். பின்முனையில் ஒரு திருகு மூடி இருக்கும், உள்ளே கசிந்த நீரை வடிக்க. கரையில் கழற்றி, மறுபடி போட மறந்து இறங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. உடலுக்குள் மெல்ல நீர் ஏறும். கயாக் காரணமில்லாமல் கனப்பது போலவும், திரும்பச் சோம்பல்படுவது போலவும் தெரியும். பிறகு ஒரு பக்கம் சாய்ந்தால் உள்ளே உள்ள நீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடிக் கவிழ்க்கும். வடிதுளைகளின் விளிம்பிலும் இருக்கைக்குக் கீழேயும் விரிசல் வரும் இடங்கள் உண்டு, மணலில் இழுத்து இழுத்துத் தேய்வதால். பழைய கயாக் வாங்கினால் முதலில் அந்த இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். வெயிலில் கார் கூரையில் பட்டையை வெறிபிடித்த மாதிரி இறுக்கினால் கயாக்கின் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் உடல் குழிந்துவிடும்; குப்புற அல்லது பக்கவாட்டில் வைத்து, அளவாகக் கட்டுங்கள்.

காற்றடைத்த கயாக் பற்றியும் பலர் கேட்பார்கள். அடுக்குமாடி வீட்டுக்கு வசதிதான். ஆனால் தனித்தனியான காற்றறைகள் குறைந்தது மூன்று இருப்பதைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். நம் கழிமுகங்களில் பாலத் தூண், பாறை, மரவேர் எல்லாவற்றிலும் சிப்பி ஒட்டிக் கிடக்கும். அதன் விளிம்பு பிளேடு. காலையில் முழு அழுத்தத்தில் ஊதிக் கரையில் வெயிலில் வைத்தால் காற்று விரிந்து தையல் விட்டுப்போகும். இலேசானது என்பதால் காற்று அதை இலை மாதிரித் தள்ளும். கடல் பக்கம் அது கூடவே கூடாது.

துடுப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் முறைக்கு மேல் தூக்கப்போகும் பொருள் அது. 75 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான கயாக்குக்கு 230 அல்லது 240 சென்டிமீட்டர் நீளம். பிடிக்கும் இடம் தெரிய, துடுப்பைத் தலைமேல் கிடையாக வைத்து இரு முழங்கையும் செங்கோணமாகும் இடத்தில் பிடியுங்கள். துடுப்பு இலையின் (நீரில் இறங்கும் தட்டையான பகுதி) குழிந்த முகம் உங்களைப் பார்க்க வேண்டும். இலை ஒருபக்கம் நீண்டிருந்தால் நீண்ட விளிம்பு மேலே. தலைகீழாகப் பிடித்து, "இது நேராகவே போகமாட்டேன் என்கிறது" என்று கயாக்கைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

கால்விரலுக்குப் பக்கத்தில் இலையை முழுக்க இறக்கி, இடுப்புக்கு வந்ததும் வெளியே எடுங்கள். அதற்குப் பின்னால் இழுப்பது கயாக்கைத் திருப்புமே தவிர முன்னால் தள்ளாது. இழுப்பது கையல்ல, முதுகும் இடுப்பும். கை வலித்தால் உடம்பைத் திருப்பாமல் ஓட்டுகிறீர்கள். முழங்கால் சற்று மடங்கி, பாதம் தாங்கியில் அழுந்தியிருக்கட்டும்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானது: மறுபடி ஏறுவது. இதைப் பழகாதவர் எவ்வளவு விலையுள்ள கயாக் வைத்திருந்தாலும் கரையோரப் பயணிதான். இதைப் பத்து முறை செய்து பார்க்கும்வரை, துணையோடு பழகுவதற்குத் தவிர, நெஞ்சளவு தண்ணீரைத் தாண்டாதீர்கள்.

விழுந்த உடனே கயாக்கைப் பிடியுங்கள், அடுத்துத் துடுப்பை. வெறும் கயாக்கைக் காற்று தள்ளும் வேகத்துக்கு ஜாக்கெட் போட்டவரால் நீந்தி எட்ட முடியாது. முதல் ஐந்து விநாடி போனால் அது போனதுதான். கவிழ்ந்து கிடந்தால் நடுப்பகுதிக்கு வாருங்கள். அடிப்பக்கத்தின்மேல் கையை நீட்டி எதிர் விளிம்பையோ வடிதுளையையோ பிடித்து, முழங்காலை இந்தப் பக்க விளிம்பில் ஊன்றி, பின்னால் சாயுங்கள். உடல் எடையே அதைப் புரட்டும். துடுப்பை வார்ப்பட்டைக்குள் செருகுங்கள். இனி இருக்கைக்கு நேராக, கயாக்கைப் பார்த்தபடி நின்று, இரண்டு கையையும் தளத்தில் வையுங்கள். இங்கேதான் எல்லாரும் தவறுவார்கள்: நின்ற நிலையிலேயே நீச்சல் குளத்துச் சுவரில் ஏறுவது போல உந்துவார்கள். அப்போது கால் கயாக்குக்கு அடியில் போய்விடும், கை விளிம்பைக் கீழே இழுக்கும், கயாக் தலைமேல் கவிழும். அதற்குப் பதிலாக, முதலில் காலை உதைத்து உதைத்து உடம்பு நீர்மட்டத்தில் படுக்கும்படி செய்யுங்கள். தவளை மாதிரி நீளமாக மிதந்த பிறகு, ஒரே உதையில் கயாக்கை உங்கள் வயிற்றுக்குக் கீழே இழுத்துப் போடுங்கள். நீங்கள் மேலே ஏறுவதில்லை, கயாக்கைக் கீழே கொண்டுவருகிறீர்கள். தொப்புள் எதிர் விளிம்புக்கு வரும்வரை தவழுங்கள். இப்போது புரண்டு புட்டத்தை இருக்கையில் வையுங்கள், கால்கள் இன்னும் தண்ணீரில். கடைசியில் ஒவ்வொரு காலாக உள்ளே. வயிறு, புட்டம், கால்: இந்த வரிசை மாறவே கூடாது.

இடுப்பளவு நீரில் பழகினால் தெரியாமலே தரையை உதைத்து ஏறிவிடுவீர்கள். கால் எட்டாத ஆழத்தில், பக்கத்தில் துணையோடு பழகினால்தான் கணக்கு. முதல் முறை எளிதாக இருக்கும், மூன்றாவது முறை கை நடுங்கும். மூன்றாவதுதான் உங்கள் உண்மையான அளவு. கையில் பலம் போதாதவர்கள் அகலப் பட்டையில் ஒரு வளையம் செய்து கயாக்கின் எதிர்ப்பக்கக் கைப்பிடியில் கட்டி இந்தப் பக்கம் தொங்கவிட்டால் காலை ஊன்ற ஒரு படி கிடைக்கும். துணை இருந்தால் இன்னும் சுலபம்: அவர் தன் கயாக்கை உங்களுடையதற்கு இணையாக ஒட்டி நிறுத்தி, குறுக்கே சாய்ந்து இரு கையாலும் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டால் அது பாறை மாதிரி நிற்கும்.

சிறு பொருட்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். உள்ளே குண்டு இல்லாத பிளாஸ்டிக் விசில், ஜாக்கெட்டின் தோளில், கையைப் பயன்படுத்தாமல் வாய்க்கு எட்டும் அளவு குட்டைக் கயிற்றில். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். உடன் வருபவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். போன் நீர்புகாப் பையில், கொஞ்சம் காற்றோடு மூடி, உங்கள் உடம்பில், கயாக்கில் அல்ல. ஈர விரலுக்குத் தொடுதிரை கேட்காது, அதனால் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தியே அவசர அழைப்புப் போகும்படி முன்பே அமைத்துவிடுங்கள். 112 பொது அவசர எண், 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம். முனை மழுங்கிய சிறு கத்தி ஒன்று ஜாக்கெட்டில் இருக்கட்டும். கழிமுகங்களில் கட்டியிருக்கும் நைலான் வலை காலில் சுற்றினால் வேறு வழியில்லை. துடுப்பைக் கயாக்கோடு கட்டும் சுருள்கயிறு அமைதியான நீரில் நல்லது. அலை உடையும் இடத்திலும் ஓடும் ஆற்றிலும் அதைக் கழற்றிவிடுங்கள், கழுத்திலோ கையிலோ சுற்றும். குழுவாகப் போனால் 15 மீட்டர் மிதக்கும் கயிற்றுப் பை ஒன்று.

காலில் பின்வார் உள்ள செருப்பு அல்லது நீர்க்காலணி. ரப்பர் செருப்பு சேற்றோடு போய்விடும். ஆழமில்லாத சேற்றில் இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள். கீழே கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும், மிதித்தால்தான் முள்ளால் குத்தும். ஜீன்ஸ், புடவை, வேட்டி, துப்பட்டா எதுவும் வேண்டாம். முழுக்கை பாலியெஸ்டர் சட்டை, தாடைக்கயிறு உள்ள தொப்பி. கயாக்கும் சட்டையும் ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் 200 மீட்டரில் தண்ணீரோடு கலந்துவிடும். நம் கடல்நீர் குளிரால் கொல்லாது, வெயில்தான் கொல்லும்: மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், உப்புக் கரைசல் பொட்டலம் இரண்டு. வியர்வை நின்று தலை கிறுகிறுத்தால் உடனே கரை.

பொருட்கள் முடிந்தன. இனி எல்லாப் பொருளையும் தோற்கடிக்கக்கூடிய காற்று.

மணிக்கு 12 கிலோமீட்டர் வரை தொடங்குபவருக்குச் சுகம். 15க்கு மேல் திரும்பி வருவது வேலையாகும். 20ஐத் தொடும்போது நீர்ப்பரப்பில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரியும். வெள்ளை தெரிந்தால் அன்று இறங்காதீர்கள். நீங்கள் ஓட்டும் வேகமே மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

வேகத்தைவிடத் திசை முக்கியம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான் ஆளை ஏமாற்றுவது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, சென்னைக் கடற்கரையில் காலை நேரத்தில் மேற்குக் காற்று வீசும். கட்டிடங்களும் சவுக்குத் தோப்பும் மறைப்பதால் கரையோரம் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். 300 மீட்டர் போன பிறகு மறைப்பு விட்டுப்போகும். முதுகில் காற்று, கயாக் தானாகவே ஓடுவது போல இருக்கும், திரும்பிப் பார்க்கும்போதுதான் கரை விலகுவது தெரியும். திரும்பினால் முகத்தில் காற்று, துடுப்பை ஓங்கினால் இலையையே காற்று பிடிக்கும். "இன்று கடல் அமைதியாக இருக்கிறது" என்று தோன்றும் அந்தக் காலைதான் தொடங்குபவருக்கு மோசமான காலை. கடல் இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னதன் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், காற்றே இல்லாமல் வரும் அலை. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த நீண்ட அலை, நாட்கள் கழித்து நம் கரையில் திடீரென்று ஏறும். கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். 2012இல் யுனெஸ்கோ அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இத்தகைய அலை எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். கட்டுமரமும் ஃபைபர் படகும் மணலில் ஏற்றிக் கிடக்கும் நாளில் நீங்கள் மட்டும் இறங்கக் காரணம் எதுவும் இல்லை. குப்பத்தில் கேளுங்கள், சொல்வார்கள்.

மூன்றாவது, உடையும் அலையில் கயாக் பக்கவாட்டில் உருளும்போது அதற்கும் கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் முழங்காலும் பல்லும் போகும். விழுந்தால் எப்போதும் கடல் பக்கமாக விழுங்கள், கயாக் உங்களுக்கு முன்னால் கரைக்குப் போகட்டும். அலைக்குள் இறங்குவதும் ஏறுவதும் தனிப் பாடம். கோவளத்தில் அலைச்சறுக்குப் பயிற்சி தருபவர்களிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டியது.

ஆகவே கடலுக்குப் பதில் முட்டுக்காடு போன்ற கழி (கடலோடு சேரும் உப்புநீர்ப் பரப்பு). விடியற்காலை 6 முதல் 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். கோடையில் முற்பகல் தாண்டும்போது கடற்காற்று எழுந்து கழியிலும் சிற்றலை கிளப்பும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைத் தள்ளட்டும். உங்களிடம் உள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் திரும்புங்கள்.

ஏற்றவற்றத்தையும் பாருங்கள். சென்னைப் பக்கம் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கழி முழுக்க உள்ள நீரும் ஒரு குறுகிய வாய் வழியாக வெளியேற வேண்டும். வற்றத்தின்போது அங்கே ஆறு மாதிரி இழுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இழுப்பு அதிகம், அஷ்டமி பக்கம் குறைவு. நாட்காட்டி தாளில் இருக்கிறது, பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். பாலத் தூண்களுக்கு மேல்நீரோட்டப் பக்கம் நிற்காதீர்கள். நீரோட்டம் உங்களைத் தூணின்மேல் குறுக்காக அழுத்தினால் இயல்பாக உடம்பு தூணிலிருந்து விலகிச் சாயும்; அப்போது மேல்விளிம்பில் நீர் ஏறிக் கயாக் உடனே கவிழும். மனதை அடக்கித் தூணின் பக்கமாகவே சாய்ந்து, அதைத் தழுவித் தள்ளிக்கொண்டே ஓரமாக நழுவுங்கள்.

ஆறு, ஏரி என்று போக நினைத்தால் இரண்டு எச்சரிக்கை. தடுப்பணைக்கும் கலிங்குக்கும் (ஏரியின் உபரிநீர் வழியும் இடம்) மேலேயோ கீழேயோ போகாதீர்கள். தண்ணீர் விழும் இடத்தில் அது திரும்பத் திரும்பத் தன்னையே உள்ளிழுத்துச் சுழலும், காற்றுக் குமிழி கலந்த அந்த நீரில் லைஃப் ஜாக்கெட் தூக்காது. நன்றாக நீந்துபவர்களும் அங்கே இறக்கிறார்கள். அடுத்து, அமராவதி அணை, ஒகேனக்கல் பக்கத்துக் காவிரி, கொள்ளிடத்தின் சில பகுதிகளில் முதலைகள் உண்டு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் அனுமதியில்லாமல் சொந்தக் கயாக்கை இறக்காதீர்கள்; வாய்க்கால்கள் ஒன்றுபோலவே இருக்கும், வற்றத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். எங்கே இறங்கினாலும் அங்குள்ள படகுத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இடி கேட்டால் கரை. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருந்துதான் மறுபடி. சித்திரை, வைகாசி மாலைகளும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் இதற்குப் பேர்போனவை. மது அருந்தியவர் அன்று கரையில்தான் இருக்க வேண்டும்.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எங்கே இறங்குகிறீர்கள், கயாக் என்ன நிறம், எத்தனை மணிக்குள் போன் செய்வீர்கள் என்று சொல்லுங்கள். "9 மணிக்குள் போன் வராவிட்டால் என்னைக் கூப்பிடு, 9:30க்கும் எடுக்காவிட்டால் 112ஐக் கூப்பிடு" என்று நேரத்தோடு சொன்னால்தான் அவர் தயங்க மாட்டார். "சீக்கிரம் வந்துடுவேன்" என்றால் அவர் மதியம்வரை காத்திருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு உங்கள் வேலை இதுதான்: பொருந்தும் ஜாக்கெட் ஒன்றை வாங்கி 6 கிலோ இரும்பில் சோதியுங்கள். ஒரு நண்பரோடு போய் வாடகைக் கயாக் எடுத்து, எங்கும் ஓட்டாமல், கரையோரத்திலேயே வேண்டுமென்று கவிழ்த்துக் கவிழ்த்து ஏறுங்கள். ஒரு மணி நேரம் அதற்கே சரியாகப் போகும். மூன்று முறை தொடர்ந்து, துணை தொடாமல், கால் எட்டாத நீரில் ஏற முடிந்த பிறகு எந்தக் கயாக் வாங்கலாம் என்று கேளுங்கள்; அப்போது உங்கள் உயரம், எடை, எங்கே வைப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள், மாடல் பார்த்துச் சொல்கிறேன்.